யூபிஐயில் பணம் நடுவில் மாட்டிக்கொண்டால் "வெயிட் பண்ணுங்க" என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்

போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நம் கணக்கிலிருந்து பணம் போய், கடைக்கும் வந்து சேராமல் நின்றுவிட்டால், "தானா வந்துடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்கு ஒரு கெடு இருக்கிறது, தாண்டினால் நமக்கு நஷ்டஈடும் உண்டு. என் வங்கி இந்த இரண்டைப் பற்றியும் வாயே திறக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் துணி எடுத்தோம். பில் 11,640 ரூபாய். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வங்கியிலிருந்து பணம் எடுத்தாயிற்று என்று எஸ்எம்எஸ் வந்துவிட்டது. கல்லாவில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியிலோ சத்தமே இல்லை. "எங்களுக்கு வரலக்கா, வந்தாத்தான் பையைக் கொடுக்க முடியும்" என்றான் பில் போடும் தம்பி. அவனைக் குறை சொல்ல மாட்டேன். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்களால் கடைக்காரர்கள் படும் பாடு தெரிந்ததுதான். வரிசை வாசல் வரை நின்றது. வேறு வழியில்லாமல் கார்டைத் தேய்த்து அதே தொகையை மறுபடி கட்டினோம். மேனேஜர் நல்ல மனிதர். பில்லின் பின்பக்கம் "யூபிஐ தொகை வரவில்லை, கார்டில் பெறப்பட்டது" என்று எழுதி, நேரம் போட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். உங்களுக்கு இப்படி நடந்தால் இதை மட்டும் கேட்டு வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள்.

அப்புறம்தான் அலைச்சல். ஆப்பில் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். வங்கிக் கிளையிலோ, "ஆப்ல பண்ணினதுக்கு நாங்க என்னம்மா செய்ய முடியும்?" என்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில். பணத்தைப் பிடித்தது அவர்கள் வங்கிக் கணக்கில்தானே? எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதற்கு அதுவும் முடியாதாம்.

இதற்கிடையில் என் கணவர் ஆற்றாமையில் சமூக வலைத்தளத்தில் வங்கியைக் குறிப்பிட்டு ஒரு புகார் போட்டார். அன்று மாலையே "கஸ்டமர் கேர்" என்று ஒரு அழைப்பு. ரீஃபண்ட் தயாராக இருக்கிறது, ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டு பின் நம்பரைப் போடுங்கள் என்றது அந்தக் குரல். பணம் நமக்குத்தானே வர வேண்டும், பின் நம்பர் எதற்கு? உடனே துண்டித்துவிட்டோம். இப்படிப் புகார் எழுதுகிறவர்களையே தேடிப் பிடித்து அழைக்க ஒரு கூட்டம் இருக்கிறது. யாராவது பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இனி விதிக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. யூபிஐயில் கடைக்குக் கட்டிய பணம் அங்கே உறுதியாகாவிட்டால், கட்டிய நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். அதையும் நாம் கேட்காமலேயே கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. வேலை நாள், விடுமுறை என்ற சாக்கும் செல்லாது, நாட்காட்டி நாள்தான் கணக்கு.

அதை அச்செடுத்து, முத்திரை குத்திய பில்லோடும், ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்குள் போனால் தெரியும் 12 இலக்க எண்ணோடும் சேர்த்து வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். அதன் பிறகுதான் 11,640 ரூபாய் திரும்பி வந்தது. கெடு எப்போதோ தாண்டியிருந்தது.

நஷ்டஈடு இன்னும் வரவில்லை. பணம்தான் வந்துவிட்டதே, விடு என்கிறார்கள் வீட்டில். விடுவதாக இல்லை. புகார் கொடுத்து 30 நாளுக்குள் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. என் 30 நாள் அடுத்த வாரம் முடிகிறது. மனுவை எழுதி வைத்துவிட்டேன்.