சின்ன வீட்டுல பாட்டரி: கைவேலை மேஜையா, குட்டி வீலா, சொந்த கில்னா? டர்பன், ஜோபர்க் வீடுகளுக்கு ஒரு ஒப்பீடு

டர்பன்ல ரெண்டு பெட்ரூம் பிளாட்டுல இருக்கறவங்க, சாட்ஸ்வொர்த்ல அவுட்பில்டிங் வாடகைக்கு எடுத்து இருக்கறவங்க, ஜோபர்க்ல டவுன்ஹவுஸ்ல இருக்கறவங்க, எல்லாரும் என்கிட்ட மொதல்ல கேக்கறது "அக்கா, பானை வனைய எந்த வீல் வாங்கலாம்?"னுதான். என்னைக் கேட்டா அது மூணாவது கேள்வி. தூசி எங்க போகும்ங்கறது மொதல் கேள்வி, செஞ்ச ஈரப் பாத்திரம் ஒரு வாரம் யார் கையும் படாம எங்க உக்காரும்ங்கறது ரெண்டாவது. இந்த ரெண்டுக்கும் வீட்டுல பதில் கெடைச்சுட்டா வீல் வேணுமா வேண்டாமான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

தூசிய ஏன் இவ்ளோ பெருசா சொல்றேன்னா, களிமண்லயும், பாத்திரத்துக்கு பளபளப்பு கொடுக்கற கிளேஸ் பொடியிலயும் சிலிக்கா இருக்கு, காஞ்ச மண்ணு பொடியாகி காத்துல ஏறினா அந்த நுண்ணிய துகள் கண்ணுக்கே தெரியாம மணிக்கணக்கா மெதந்துகிட்டு இருக்கும், வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல் கெட்டுப்போகும், சிலிகோசிஸ்னு நம்ம தென் ஆப்பிரிக்காவுல தங்கச் சுரங்கத்துல வேலை பாத்த குடும்பங்களுக்கு அது நல்லாவே தெரிஞ்ச நோய். அதனால எந்த வழிய எடுத்தாலும் பெட்ரூம் வேண்டாம், கார்ப்பெட் போட்ட ரூம் வேண்டவே வேண்டாம். துடைப்பத்தால பெருக்காதீங்க, ஈர ஸ்பாஞ்சால தொடைங்க. சாதாரண வேக்குவம் கிளீனர் ஒரு பக்கம் இழுத்து மறு பக்கம் ஊதிவிடும், நுண்ணிய தூசியப் பிடிக்கற ஹெப்பா ஃபில்டர் இல்லாதத இதுக்கு தொடாதீங்க. காஞ்ச பாத்திரத்த வீட்டுக்குள்ள உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, ஈரமா இருக்கறப்பவே வழிச்சு சரி பண்ணிடுங்க.

இப்ப ஒவ்வொண்ணா பாக்கலாம்.

கைவேலைன்னா வீலே இல்லாம, மண்ணத் திரிச்சு கயிறு மாதிரி சுருள் சுருளா அடுக்கறது, இல்ல பலகை மாதிரி தேச்சு வெட்டி ஒட்டறது. இதுக்கு ஒரு உறுதியான மேஜை, ஒரு உருட்டுக்கட்டை, ஒரு வாளி போதும். வீல் இல்லாததால இது கத்துக்குட்டி வேலைன்னு நெனைக்கறவங்க நம்ம க்வாசூலு-நட்டால் மண்ணையே கொஞ்சம் பாக்கணும். துகேலா பள்ளத்தாக்குல வாழ்ந்த ஜூலு குயவர் நெஸ்டா நாலா (1940–2005) செஞ்ச கறுப்பு உகாம்பா, அதாவது பீர் பானைங்க உலக மியூசியங்கள்ல இருக்கு, அதுல ஒண்ணு கூட வீல்ல வனைஞ்சது கெடையாது, சுருள் அடுக்கி, கல்லால தேச்சு மெருகேத்தி, திறந்த நெருப்புல சுட்டது. ஏன், தமிழ்நாட்டுக் குயவர் கூட திரிகையில, அதாவது சக்கரத்துல, பாதி பானையத்தான் எடுப்பாரு, அடிப்பக்கத்த உள்ள ஒரு கல்லக் கொடுத்து வெளிய தட்டுப்பலகையால தட்டித் தட்டித்தான் மூடுவாரு. சின்ன வீட்டுக்கு கைவேலைய நான் மொதல் இடத்துல வைக்கறதுக்கு வேற காரணமும் இருக்கு. தண்ணி ரொம்ப கம்மியா செலவாகும், ஏரியாவுல தண்ணி கட் ஆன நாள்லயும் ஒரு மக் தண்ணியில வேலை நடக்கும், சேறு செவுத்துல தெறிக்காது, ராத்திரி பிள்ளைங்க தூங்கினப்புறமும் செய்யலாம். மண்ண அடிச்சுப் பிசையற சத்தம் மட்டும் கீழ் வீட்டுக்கு எறங்கும், அத பகல்லயே முடிச்சு ஈரத்துணி சுத்தி பிளாஸ்டிக்ல கட்டி வச்சிடுங்க.

குட்டி டேபிள்டாப் வீலுக்கு வருவோம். கப், சின்னக் கிண்ணம், விளக்கு இதுக்கெல்லாம் தாராளமா போதும், வேலை முடிஞ்சா தூக்கி அலமாரியில வச்சிடலாம், கரண்டும் சில நூறு வாட்தான், வீட்டு இன்வெர்ட்டர்லயே ஓடும். ஆனா வீல் வந்ததும் கூடவே சேத்துத்தண்ணியும் வரும். அத கிச்சன் சிங்க்ல ஊத்தினா பைப்புக்குள்ள மண்ணு படிஞ்சு இறுகிடும், பிளாட்ல அது உங்க பைப்போட நிக்காது, மாடி மொத்தத்துக்கும் பிரச்சனை. ரெண்டு மூணு வாளி வச்சு ஒரு நாள் தெளிய விட்டு மேல இருக்கற தண்ணிய திரும்ப பயன்படுத்துங்க, அடியில இருக்கற சேத்த அள்ளி காயவச்சு பிசைஞ்சா அது மறுபடியும் மண்ணுதான், வீணே ஆகாது. பெரிய நிக்கற வீல் நல்ல சாமான்தான், ஆனா அதோட சேத்து நீங்க உக்காரவும் வாளி வைக்கவும் எடம் போச்சுன்னா ஒரு சின்ன ரூமே போயிடும், காராஜ் இருக்கறவங்களுக்கு மட்டும் சொல்லுவேன்.

வீல்ல கை பழகப் பழக பாத்திரம் வேகமா சேரும்ங்கறதையும் யோசிங்க. ஒரு சாயங்காலத்துல பத்து கப் எடுத்தா பத்து கப்பும் காயணும். டர்பன் கோடைக்காலத்துல காத்துல இருக்கற ஈரத்துக்கு ஒரு தடிச்ச கிண்ணம் காய வாரக்கணக்கு ஆகும், அவசரப்பட்டு முழுசா காயாதத சுட்டா உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி பாத்திரம் வெடிச்சு பக்கத்துல இருக்கறதையும் ஒடைக்கும். ஜோபர்க்ல கதையே வேற, கடல் மட்டத்துலேர்ந்து 1,700 மீட்டருக்கு மேல, குளிர்காலத்துல காத்து அப்படியே உறிஞ்சும், விளிம்பு ஒரே ராத்திரியில காஞ்சு அடிப்பக்கம் ஈரமாவே இருந்து விரிசல் விடும். அங்க பிளாஸ்டிக் போத்தி மெதுவா காயவிடணும், இங்க டர்பன்ல திறந்து வச்சு ஃபேன் காத்து ரூம்ல சுத்தற மாதிரி விடணும். ரெண்டு ஊருக்கும் பொதுவா நான் சொல்றது ரைனோபோர்டுங்கற ஜிப்சம் பலகைத் துண்டு, சீலிங் வேலைல மிச்சமாகறது. ஈரத்த அடியிலேர்ந்து உறிஞ்சும், அலமாரி தட்டு மாதிரி அடுக்கலாம். ஓரத்துக்கு மட்டும் டேப் ஒட்டிடுங்க, ஜிப்சம் தூள் மண்ணுல கலந்தா சுட்டப்புறம் அந்த எடம் பொக்குன்னு தெறிச்சு வரும்.

அடுத்தது கில்ன், அதாவது சூளை. இதுலதான் ஆசையும் பணமும் அதிகமா போகுது. சாதாரண 15 ஆம்ப் பிளக்ல ஓடற கில்ன்னா 230 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா உச்சமா 3,450 வாட், உள்ள ஒரு சில கப்தான் நிக்கும். 3.3 கிலோவாட் கில்ன் 8 மணி நேரம் விடாம ஓடினா 26 யூனிட், விட்டு விட்டு ஓடறதால கொஞ்சம் கொறையும், ஆனா பிரீபெய்ட் மீட்டர் எறங்கறது கண்ணுக்கே தெரியும். அதே நேரம் கீசரும் ஸ்டவ்வும் ஓடினா மெயின் டிரிப் ஆகலாம். பெரிய கில்ன்னா தனி லைன் இழுக்கணும், பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் செஞ்சு வயரிங் சரியா இருக்குன்னு சிஓசி சர்டிஃபிகேட் தரணும், செக்‌ஷனல் டைட்டில் பிளாட்டுன்னா பாடி கார்ப்பரேட்கிட்ட (வீட்டுக்காரங்க சங்கம்) எழுத்துல அனுமதி, இன்ஷூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லணும். செவுத்துலேர்ந்து 45 சென்டிமீட்டராவது தள்ளி, சிமென்ட் இல்ல டைல்ஸ் தரையில நிக்கணும். சுடறப்ப கார்பன் மோனாக்சைடு, கந்தக வாயு எல்லாம் வரும், ஜன்னல் திறந்தா போதும்னு படுக்கற ரூம் பக்கத்துல வைக்கக் கூடாது. 2023ல இருந்த அளவுக்கு லோட்ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்தறது) இப்ப இல்லைதான், ஆனாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறுன்னு கரண்ட் போகுது, போயிட்டு வந்தா சில கண்ட்ரோலர் விட்ட எடத்துலேர்ந்து தொடரும், சிலது அப்படியே நின்னுடும். வாங்கறதுக்கு முன்னாடி இத கேட்டுக்கோங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல கில்ன் ஓட்டற எண்ணமே வேண்டாம்.

இதுக்கு எதிர்ல இருக்கற வழி, பக்கத்துல இருக்கற பாட்டரி ஸ்டூடியோவுல காசு கொடுத்து சுடறது. என் ஓட்டு இதுக்குத்தான், பிளாட்ல இருக்கறவங்களுக்கு ரெண்டாவது யோசனையே தேவையில்ல. நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது உங்க மண்ணு எந்த சூட்டுக்குன்னு. செம்மண் எர்த்தன்வேர் பொதுவா 1,000லேர்ந்து 1,100 டிகிரி, ஸ்டோன்வேர்னா 1,220லேர்ந்து 1,300. மாத்தி வச்சா எர்த்தன்வேர் உருகி அவங்க ஷெல்ஃப்ல ஒட்டிக்கும், அடுத்த தடவை உங்களுக்கு கதவு திறக்க மாட்டாங்க, அதனால மண்ணு வந்த பை மேல இருக்கற சூட்டு எண்ண எழுதி பாத்திரத்தோடயே கொடுங்க. நல்லா காஞ்ச, இன்னும் சுடாத பச்சைப் பாத்திரம்தான் இருக்கறதுலயே சீக்கிரம் ஒடையறது, ஸ்பாஞ்ச் வச்சு கைப்பிடிக்கு மேல எதுவும் அழுத்தாம அடுக்கி, ரோட்டுல குழி பாத்து ஓட்டுங்க.

சொந்தமா காராஜ் இருக்கு, மாசாமாசம் விக்கற அளவுக்கு செய்யறீங்கன்னா அப்ப கில்ன் வாங்குங்க, மனசார சொல்றேன், தானே சுடறதுல இருக்கற சுதந்திரம் பெருசு. ஆனா மீன் குழம்புச் சட்டி செஞ்சு வித்துடலாம்னு மட்டும் எறங்காதீங்க, சாதாரண ஸ்டோன்வேர் கேஸ் அடுப்பு நெருப்புல நேரா வச்சா விரியும்.

மொத முயற்சிக்கு அகல் விளக்கு செய்யுங்க. கைவேலையிலயே வரும், எடம் அடைக்காது, கிளேஸ் இல்லாம ஒரே சூட்டுல முடியும், எண்ணெய் கசியும்ங்கறதால அடியில ஒரு தட்டு வச்சுக்கணும், அவ்ளோதான். தீபாவளிக்கு ஏத்தணும்னா செப்டம்பர் பாதிக்குள்ள பச்சை விளக்கெல்லாம் காஞ்சிருக்கணும், அதுக்கப்புறம் டர்பன்ல மழை பிடிச்சுக்கும், ஸ்டூடியோ கில்ன்ல எடமும் முன்னாடியே சொல்லி வச்சுக்கோங்க.