வகுப்பெடுக்கும்போது நான் மாட்டும் ஸ்கூபா கருவிகள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஸ்கூபா சொல்லித்தருபவர் எதை மாட்டியிருக்கிறாரோ, மாணவர்களும் பெரும்பாலும் அதையேதான் வாங்குவார்கள். காரணம்கூடக் கேட்கமாட்டார்கள். அதனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே என் கருவிகளைப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றையும் ஏன் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவது வழக்கம். எது வெறும் பழக்கத்தால் இருக்கிறது என்பதையும் மறைப்பதில்லை.

அதிகம் கேள்வி வருவது ஹோஸ், அதாவது சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று கொண்டுவரும் ரப்பர் குழாய் பற்றித்தான். வாடகைக் கருவிகளில் பொதுவாக ஆக்டோபஸ் என்னும் உபரி மூச்சுக்கருவி ஒன்று மஞ்சள் நிறத்தில் நெஞ்சோரம் செருகியிருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று தீர்ந்தால் அதைக் கொடுக்க வேண்டும். நான் வாயில் இருப்பதைக் கொடுத்துவிடுவேன். எனக்கு இன்னொன்று தாடைக்குக் கீழே ரப்பர் கயிற்றில் இருக்கிறது. காற்றில்லாமல் பதறுகிறவர், என் வாயில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் ரெகுலேட்டரைத்தான் (மூச்சுக்கருவியை) பிடுங்க வருவார். அது வேலை செய்கிறது என்று அவர் கண்ணுக்கே தெரிகிறதே! செருகிவைத்த ஆக்டோபஸோ பாதி நேரம் கழன்று மணலில் இழுபட்டுக்கொண்டிருக்கும்.

சரி, அப்படியானால் சிலர் கழுத்தைச் சுற்றிப் போடும் 2 மீட்டர் ஹோஸ் ஏன் இல்லை? அந்த நீளம் குகை டைவிங்குக்காக வந்தது. குறுகிய வழியில் இரண்டு பேர் அருகருகே நீந்த முடியாது. காற்றைப் பகிர்ந்தபடி ஒருவர் பின் ஒருவராக வெளியே வர வேண்டும். தொடக்க வகுப்பில் தலைக்கு மேல் திறந்த தண்ணீர்தான், நேராக மேலே போய்விடலாம். இல்லாத பிரச்சினைக்கு எதற்கு அவ்வளவு ரப்பர்? சுமார் 1 மீட்டர் ஹோஸ், வலது கைக்கு அடியில் வந்து, வாயருகே ஒரு சுழல் மூட்டு. இருவரும் முகம் பார்த்தபடி மேலேறத் தாராளமாகப் போதும். குறை என்றால் அந்த மூட்டுதான்: கூடுதலாக ஒரு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). என் செட்டில் முதலில் கசிந்ததும் அங்கேதான். ஓ-ரிங்கை மாற்றிவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். மூட்டு இல்லாவிட்டால் ஹோஸ் வளைந்து தாடையை இழுக்கும். நாள் முழுக்க வகுப்பென்றால் அது பெரிய தொல்லை.

சிலிண்டர் வாயில் பொருத்தி காற்றழுத்தத்தைக் குறைக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் விஷயத்தில் என்னுடையதும் மாணவர்களுடையதும் ஒன்றல்ல. என்னுடையது சீல் செய்த டயாஃப்ரம் வகை, உள்பாகங்களைத் தண்ணீர் தொடாதபடி மூடியது. ஆழமில்லாத இடத்தில் புதியவர்கள் முட்டி போட்டுக் கிளப்பும் சேற்றிலேயே கிடப்பதால், உள்ளே மணல் போகாமல் இருப்பது எனக்கு முக்கியம். அவர்களுக்குக் கொடுப்பது சாதாரண பிஸ்டன் வகை. சிலிண்டர் காலியாகும்போது அதில் மூச்சிழுப்பது சற்றே கனக்கும் என்பது உண்மை. ஆனால் முதல் சான்றிதழ் அனுமதிக்கும் 18 மீட்டருக்குள் அது பெரிய வித்தியாசமில்லை. பாகங்களும் குறைவு, சர்வீஸும் எளிது. 'சார், உங்களுடையது நல்லது, எங்களுடையது மட்டமா?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடைதான் எனக்குப் பிடித்த பாடம், ஏனென்றால் அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் அதில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். லிட்டருக்கு 1.2 கிராம் என்றால் கிட்டத்தட்ட 2.7 கிலோ! 50 பாரில் டைவை முடிக்கும்போது அதில் 2 கிலோ தீர்ந்திருக்கும். தொடக்கத்தில் மூழ்கிய சிலிண்டர் கடைசியில் மிதக்கப் பார்க்கும். ஆகவே 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும் அந்தக் கடைசி நிறுத்தத்தில், ஏறக்குறைய காலியான சிலிண்டரோடு அசையாமல் நிற்க எவ்வளவு ஈயம் வேண்டுமோ அவ்வளவுதான் கட்ட வேண்டும். பயத்துக்கு இரண்டு கிலோ கூடக் கட்டினால் அதைச் சமாளிக்க பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்ய உடலில் மாட்டும் காற்றுப்பையில்) காற்றடிக்க வேண்டும். மேலேறும்போது அந்தக் காற்று விரியும். பிறகு மிதப்பைக் கட்டுப்படுத்துவதே முழுநேர வேலையாகிவிடும்.

நான் எஃகு பேக்பிளேட்டும் (முதுகுத் தகடு) விங்கும் (அதன் பின்னால் வரும் காற்றுப்பை) போடுவது இதனால்தான். இடுப்பு எடையில் 2 கிலோவுக்கு மேல் முதுகுக்குப் போய்விடுகிறது; கிடைமட்டமாக நிற்பது சுலபம். மேற்பரப்பில் விங் முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளும் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. தேவைக்கு மேல் காற்றடிக்காமல் லேசாகப் பின்னால் சாய்ந்தால் அந்தச் சிக்கல் எனக்கு வருவதில்லை. ஆனாலும் வாடகைக் கருவியோடுதான் டைவ் செய்யப்போகிறவருக்கு ஜாக்கெட் வகை பிசிடியில் பயிற்சி கொடுப்பதே நியாயம் என்பது என் கட்சி. கையில் கிடைக்கப்போவது அதுதானே.

ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) குட்டையான கனத்த ரப்பர், ஸ்பிரிங் பட்டியோடு. வேகத்துக்கு இது சரிப்படாது. ஆனால் மாணவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நீந்த இதுபோல எதுவும் இல்லை. மெல்லிய வெட்சூட் (குளிர் தாங்கும் டைவிங் உடை) போடுபவருக்குப் பரிந்துரைக்கமாட்டேன், கால் தாழ்ந்துபோகும்.

மாஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகத்தில் ஒட்டுவதை வாங்குங்கள். என்னுடையது கறுப்பு சிலிகான், பக்கவாட்டு வெளிச்சத்தால் கண் கூசுவது குறைவு. பயப்படுகிற மாணவருக்கு மட்டும் தெளிந்த சிலிகான் கொடுப்பேன். வெளிச்சம் வந்தால் அடைபட்ட உணர்வு குறையும், அவர் கண்ணை நானும் பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம். வருடங்கள் போனால் அது மஞ்சளாகிவிடும், அவ்வளவுதான்.

சிலிண்டரின் அழுத்தம் காட்ட வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தாலும், அதே அழுத்தத்தைக் காட்டும் பித்தளை கேஜைக் கழற்றவில்லை. சிக்னல் அவ்வப்போது விட்டுப்போகும் என்பது ஒரு காரணம். மாணவர் தன் கேஜை எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை, நான் செய்துகாட்டினால்தான் பிடித்துக்கொள்வார் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் மணிக்கட்டில்; பெரிய எண்கள், பேட்டரியை நாமே மாற்றலாம். என்னுடையது என்ன சொன்னாலும், குழுவில் யாருடையது முதலில் மேலே போகச் சொல்கிறதோ அதைத்தான் எல்லோரும் கேட்போம்.

எதை முதலில் வாங்குவது என்று கேட்டால்: மாஸ்க், அப்புறம் கம்ப்யூட்டர். ரெகுலேட்டரையும் பிசிடியையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வாடகைக்கு இரண்டு மூன்று வகைகளைப் போட்டுப் பார்த்து, எது ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிந்த பிறகு வாங்குங்கள்.