பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் (2008): அடிதடி தேறுகிறது, கடைசி அரைமணி இழுக்கிறது

நீதிமன்ற சம்மன் கொடுக்கும் டேல் (சேத் ரோகன்) ஒரு கொலையைப் பார்த்துவிட்டு, பதற்றத்தில் கையிலிருந்த கஞ்சாத் துண்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடுகிறான். ஊரில் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற அந்த அபூர்வ ரகச் சரக்கை விற்பவன் சால் (ஜேம்ஸ் ஃப்ராங்கோ) ஒருவன்தான். கொலைகாரனுக்கு அந்தத் துண்டே முகவரி. ஓடுவதற்கான காரணம் இத்தனை கச்சிதமாக அமைவது இந்த வகை நகைச்சுவைப் படங்களில் அபூர்வம்.

இயக்குநர் டேவிட் கார்டன் கிரீன் இதற்குமுன் மெதுவாக நகரும் சிறு படங்கள் எடுத்தவர். அந்தப் பழக்கம் இங்கே உதவுகிறது. சாலுக்குச் சரக்கு தரும் ரெட்டின் (டேனி மெக்பிரைட்) வீட்டுச் சண்டையைப் பாருங்கள்: மூவருக்கும் அடிக்கத் தெரியாது, குறி தவறுகிறது, மூச்சு வாங்குகிறது, நடுநடுவே வாய்ச்சண்டை வேறு. போலீஸ் காரைத் திருடி ஓட்டும் துரத்தலும் அப்படித்தான். முன்கண்ணாடி மறைக்கிறதென்று சால் காலால் உதைக்க, கால் கண்ணாடியிலேயே மாட்டிக்கொள்கிறது, அப்படியே ஓட்டுகிறான். பாத்திரத்தின் முட்டாள்தனத்திலிருந்தே ஆக்‌ஷன் பிறக்கிறது.

கோளாறு, நிலத்தடிக் கஞ்சாத் தோட்டத்து உச்சக்கட்டத்தில். அதுவரை தடுமாறியவர்கள் திடீரென்று துப்பாக்கி வீரர்களாகிவிடுகிறார்கள். சிரிப்பு குறைந்து குண்டுச் சத்தம் கூடுகிறது. டேலின் பள்ளிக்கூடம் போகும் காதலி பற்றிய கிளைக்கதையை வெட்டியிருந்தால் பத்து நிமிடம் மிச்சம்.

ஃப்ராங்கோவுக்காகவே பார்க்கலாம், கோல்டன் குளோப் பரிந்துரை சும்மா வரவில்லை. கெட்ட வார்த்தையும் ரத்தமும் தாராளம், பிள்ளைகளோடு வேண்டாம்.