மண்ணடி மாடியில் அச்சான என் நாவல்

என் முதல் நாவல் 'லிவோர்னோ பவளம்' வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அச்சடித்துக் கொடுத்த கடையை விட்டுவிட்டு நாவலைப் பற்றி மட்டும் பேசினால் ராத்திரி தூக்கம் வராது. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்றார் முதலாளி பாய். "இருக்கிற வேலைக்கே ஆள் பத்தல சார்." அதனால் அடையாளம் மட்டும்: மண்ணடி மெட்ரோவில் இறங்கிப் பவளக்காரத் தெருவுக்குப் போகிற வழி, கீழே பேரிங் கடை, மேலே இவர்கள்.

நாவல் 1687-இல் நடக்கிறது. கோல்கொண்டா வைரத்துக்காகப் போர்த்துக்கீசிய யூத வியாபாரிகள் மதராஸுக்கு வந்த காலம். இத்தாலியின் லிவோர்னோ பக்கத்திலிருந்து பவளம் இங்கே வரும், இங்கிருந்து வைரம் போகும். ஜாக் டி பைவா என்ற யூத வியாபாரி இறந்து, பெத்துநாயக்கன்பேட்டையில் புதைக்கப்பட்டது அந்த வருடம்தான். அடுத்த வருடம் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களில், அதாவது மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில், மூவர் யூதர்கள். இவர்களுக்கு நடுவில் நானாக இரண்டு ஆண்களைக் கொண்டுவந்து வைத்தேன். ஒருவன் பவளம் தரம் பிரிப்பவன், இன்னொருவன் கணக்கெழுதுபவன். காதல் கதை. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபது வருடமாக சரக்குக் கணக்குப் பார்க்கிறவனுக்கு வேறென்ன எழுத வரும்?

முதலில் வேறொரு அச்சகத்துக்குப் போனேன். ஊர், பெயர் வேண்டாம். விலையெல்லாம் பேசி முடித்த பிறகு, பின்னட்டையில் 'காதலர்கள்' என்று இருந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு, "நண்பர்கள்னு போட்டுக்கலாமே, புரியிறவங்களுக்குப் புரியும்" என்றார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவே என்னோடு இருப்பவரைப் பதினோரு வருடமாக 'உங்க ஃபிரெண்டு' என்றுதான் விசாரிக்கிறது. கதையிலுமா? பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மண்ணடி பாய் அதே பின்னட்டையைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். என்னமோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். "தன்பாலீர்ப்புல 'ப்' விட்டுப்போச்சு பாருங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு நேராக ஃபாரம் கணக்குக்குப் போய்விட்டார். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். டெமி சைஸ், 320 பக்கம், 20 ஃபாரம், 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் காகிதம், பர்ஃபெக்ட் பைண்டிங், மேட் லேமினேஷன். ஐம்பது பிரதி, ஒன்றுக்கு 170 ரூபாய். பாதிப் பணம் முன்னாடி, மீதி எடுத்துப்போகும்போது. ஜிபே வாங்குகிறார்கள்.

கடையின் உண்மையான சொத்து அங்கே டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை, பார்க்கிற பையன்தான். நாவலின் முதல் பக்கத்தில் 'ஷாலோம்' என்ற ஒற்றைச் சொல்லை எபிரேய எழுத்தில் வைத்திருந்தேன். புரூஃபில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பையன் மட்டும் திரையைப் பெரிதாக்கிவைத்து, "ண்ணா, இத எந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும்?" என்று கேட்டான். வலமிருந்து இடம் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மேம் என்ற எழுத்து சொல்லின் கடைசியில் வந்தால் வாய் மூடிய பெட்டிபோல இருக்கும். அந்தப் பெட்டி வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. சாஃப்ட்வேர் மொத்தச் சொல்லையும் திருப்பிப் போட்டிருக்கிறது. "எங்க அரபு சலாம்லயும் மீம்ங்கிற எழுத்துதான் கடைசி" என்றவன் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டான். நான் எட்டு மாதம் பார்த்த பக்கம் அது.

இன்னொரு நாள், "இந்த ஆளுக்கு ஏன் ரெண்டு பேரு? தப்பா டைப் ஆயிருக்கா?" என்று போன் செய்தான். தப்பில்லை. போர்ச்சுகலில் யூதனாக வெளிப்படையாக வாழ முடியாத குடும்பங்களில் ஊருக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். விளக்கினேன். "ஓ, சரி சரி" என்று வைத்துவிட்டான்.

பெரிய தப்பு ஒன்று என்னுடையது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நாயகன் பேரேடு எழுதுகிற மாதிரி ஒரு காட்சி. சூரியன் மறைந்தால் சபாத், யூதர்களின் ஓய்வு நாள்; பேனாவைத் தொடமாட்டான். கடைசி புரூஃபில்தான் கண்ணில் பட்டது. வியாழனாக மாற்றியதில் மூன்று பக்கம் நகர்ந்தது. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

குறை இல்லாமலில்லை. பத்து நாளில் தருகிறோம் என்றார்கள், பதினேழு ஆனது. அதில் இரண்டு நாள் பையனின் கணக்கு. பதினான்காவது ஃபாரத்தில் கதை பிடித்துக்கொண்டதாம், திருத்துவதை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். "கடைசில பிரிச்சுடுவீங்களா ண்ணா?" என்றான். படி என்றேன். மீதி ஐந்து நாளுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. அப்புறம் அட்டை. நவம்பர் மழையில் லேமினேஷன் ஏழெட்டுப் பிரதிகளில் வாழைமட்டை மாதிரி மேலே சுருண்டுவிட்டது. கொண்டுபோய்க் காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் "வெயிட்டு வச்சா படிஞ்சிடும்" என்று முதலில் ஒரு வாதம் நடந்தது. முதுகில் தலைப்பு ஒரு நூல் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியும், இப்போது உங்களுக்கும்.

ஐம்பதில் முப்பத்திரண்டு போய்விட்டன. விலை 280. அடுத்த ஐம்பதுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, இந்தத் தடவை பளபளக்கிற கிளாஸி லேமினேஷன். கடைக்குப் போகிறவர்கள் மாடிப்படியின் திருப்பத்தில் தலையைக் குனிந்துகொள்ளுங்கள், இரும்பு உத்தரம் ஒன்று காத்திருக்கிறது. வெள்ளி மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை ஜும்ஆவுக்குப் பூட்டியிருக்கும்.