எட்டுப் பேருக்கு ஒரு போர்வை: பிளாக் முறையா, கவந்தியா?

மதுரையில் ஒரு வீட்டு மாடியில், மாதம் இரண்டு சனிக்கிழமை, நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து தைக்கிறோம். இதுவரை ஒட்டுத்துணிப் போர்வை இரண்டு முடித்திருக்கிறோம். முதலாவது, அமெரிக்கப் பாணியில் சதுரம் சதுரமாகத் தைத்து இணைத்த பிளாக் போர்வை. இரண்டாவது கவந்தி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாபுரா, ஹளியாள் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி சமூகத்துப் பெண்களின் கைவேலை அது. மூன்றாவதை எந்த முறையில் தைக்கலாம் என்று இப்போது பேச்சு ஓடுகிறது. என் ஓட்டு கவந்திக்குத்தான்.

பிளாக் முறையின் பெரிய வசதி, வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்பது. ஆளுக்கு இரண்டோ மூன்றோ பிளாக். அவரவர் வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு மிஷினில் தைத்துக் கொண்டுவந்தால் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதானது கிடையாது. நாங்கள் எடுத்தது எளிய ஒன்பது கட்டம்: நாலரை அங்குலச் சதுரம் ஒன்பது, தையலுக்குக் கால் அங்குலம், எல்லாம் இணைத்து முடித்தால் ஒரு பிளாக் 12 அங்குலம். அப்படி 20 பிளாக் சேர்ந்தால் 48க்கு 60 அங்குலத்தில் ஒரு போர்வை.

கணக்கு சரிதான். சிக்கல் அந்தக் கால் அங்குலத்தில் வந்தது. எட்டுப் பேர் தைத்தால் எட்டு விதக் கால் அங்குலம். தையல் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம், உள்ளே தள்ளிப் போனாலே ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் சேர்த்துக் கால் அங்குலம் குறையும். ஒரு பிளாக்கின் அகலத்தில் இரண்டு இணைப்பு. ஆக அரை அங்குலம் காலி. இருபதையும் தரையில் பரப்பியபோது ஒரு வரிசை குட்டையாக நின்றது. பிரித்துத் தைத்தவரின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அவர் புதிதாகச் சேர்ந்தவர். தைக்க ஆசைப்பட்டு வந்தவரை முதல் மாதமே பிரிக்க உட்காரவைத்துவிட்டோம்.

அப்புறம் செலவு. நடுவில் வைக்கப் பஞ்சு விரிப்பு, அடித்துணி, ஓரப்பட்டி என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டியிருந்தது. அத்தனையும் போட்டுத் தைத்த போர்வையை மதுரை வெயிலில் எத்தனை நாள் போர்த்த முடியும்? மார்கழியில் நாலு நாள் வெளியே வரும், மற்றபடி பீரோவில்தான் இருக்கும்.

கவந்திக்கு அளவுகோலே தேவைப்படவில்லை. பழைய காட்டன் புடவைதான் அடித்துணி. அதன் மேல் வெட்டுத்துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கி வரிசையாக வைத்து, விளிம்பை விரலால் உள்ளே மடித்து, ஓட்டுத்தையல் போட்டபடி நடுவை நோக்கி வர வேண்டும். துண்டை ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் அந்த ஒரே தையல்தான். பஞ்சு கிடையாது, துணி மேல் துணி விழுவதே கனம். நான்கு மூலையிலும் மடித்த சிறு துண்டுகளை அடுக்கி 'பூ' வைப்பார்கள். சித்திப் பெண்களுக்கு அந்தப் பூ இல்லாத கவந்தி முடிந்த கவந்தி ஆகாது.

இதிலும் குறை உண்டு. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பங்கு போட முடியாது. எல்லோரும் ஒரே துணியைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். ஆடியில் தொடங்கினோம், பொங்கல் நெருங்கும்போதுதான் முடிந்தது. பிளாக் போர்வைக்கு அதில் பாதி நாள்கூட ஆகவில்லை. எந்த முறையானாலும் சாயம் போகும் துணியை முன்பே ஊறவைத்துப் பார்த்துவிட வேண்டும். சிவப்புச் சுங்குடித் துண்டு ஒன்று பக்கத்து வெள்ளையை ரோஸாக்கிவிட்டது. ஆனால் கவந்தியில் அதன் மேல் இன்னொரு துண்டை வைத்துத் தைத்தோம், தீர்ந்தது. பின்னாளில் கிழிந்தாலும் அதே வைத்தியம்தான்.

எங்களில் ஒருவர் நடுவழி ஒன்று சொல்கிறார். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த பழைய உடுப்புகளை வெட்டி மேல்துணியைத் தனித்தனியே இணைப்பார்கள். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது கூடிக்கொள்வார்கள். கோடு நேராக நிற்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. 2002இல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வைகள் காட்சிக்கு வந்தன. பிளாக் முறைதான் என்று முடிவானால், இந்தத் தாராளத்தோடு செய்யலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் கவந்தியின் கடைசி நாள் என் கண்ணிலேயே நிற்கிறது. தொடக்கத்தில் நான்கு பக்கமும் இரண்டிரண்டு பேர் உட்கார இடம் இருந்தது. துணி நிரம்ப நிரம்ப இடம் சுருங்கியது. "அக்கா, கையைக் கொஞ்சம் நகட்டுங்க" என்ற பேச்சும் குறைந்து, நாலு பேரானோம், இரண்டு பேரானோம். கடைசியில் நடுவே உள்ளங்கை அகலம்தான் பாக்கி. எழுபதைத் தாண்டிய எங்கள் மூத்த அக்காவிடம் ஊசியை நீட்டினோம். அவருக்குக் கண் மங்கல். நூலை நான் கோத்துக் கொடுத்தேன்.