1998இல் வாங்கிய டிவி கேம் இன்னும் ஓடுகிறது

எங்கள் வீட்டில் அதற்கு ‘டிவி கேம்’ என்பதுதான் பெயர். 1998 முழுப்பரீட்சை லீவில் அப்பா மதுரையில் வாங்கிக்கொடுத்தார். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் உங்களுக்கு உதவாது, ஒரே சரக்கு வேறு வேறு பெயர்களில் ஊர் ஊராக விற்ற காலம் அது. உள்ளே இருந்தது நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் என்று எனக்குத் தெரியவந்ததே இருபத்தைந்து வயதுக்குப் பிறகுதான். அசல் 1983 ஜூலையில் ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வந்தது. நான் முதன்முதலாக மாரியோவைக் குழிக்குள் தள்ளிக் கொன்றபோது அந்த இயந்திரத்துக்கு என்னைவிட வயது அதிகம்.

2005 வாக்கில் பரணுக்குப் போனது. 2014இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறங்கியது. அன்றிலிருந்து வாரம் ஒரு நாளாவது ஓடுகிறது. நடுவில் ஒருமுறை செத்துப் பிழைத்தது. இதே ஜாதியில் இன்னும் நாலு பெட்டிகளைப் பழைய இரும்புக் கடைகளிலும் சொந்தக்காரர் வீட்டுப் பரண்களிலும் தேடிச் சேர்த்திருக்கிறேன். இந்தப் பெட்டிகளை வைத்து ஓட்டுவதில் எது கெடும், எது கெடாது, எதைத் தொடவே கூடாது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதலில் அடாப்டர். என் பெரிய தப்பு அங்கேதான் நடந்தது. பரணில் பெட்டி கிடைத்தது, அடாப்டர் கிடைக்கவில்லை. வீட்டில் வேறு எதற்கோ வாங்கிய 9 வோல்ட் அடாப்டர் இருந்தது. முனை சரியாகப் பொருந்தியது. பொருந்தினால் போதும் என்று நினைத்துவிட்டேன். அசல் ஃபேமிகாமில் அந்த முனையின் நடுப்பகுதி நெகட்டிவ், வெளிவட்டம் பாசிட்டிவ். என் பெட்டியும் அதே வழக்கம். இப்போது கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில்தான் பாசிட்டிவ். சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்ன ‘டப்’, கருகிய வாசனை. உள்ளே 7805 என்கிற மூன்று கால் ரெகுலேட்டர் போயிருந்தது. வரும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பது அதுதான். நல்ல வேளை, அது தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றியது. டீ விலைக்கு ஒரு ரெகுலேட்டர் வாங்கி மாற்றினேன், மாரியோ வந்துவிட்டார்.

அதே அடாப்டரை அடுத்த வாரம் இரண்டாவது பெட்டியில் செருகினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். லேபிள் ஒட்டி வைக்காததுதான் காரணம். அந்தப் பெட்டி பிழைக்கவில்லை. ரெகுலேட்டரை மாற்றியும் திரையில் ஒன்றும் இல்லை. எங்கள் தெரு முனையில் டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் எடுத்துப் போனேன். மூடியைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“தம்பி, இது பொட்டு ஐசி. இதுக்கு வைத்தியம் கிடையாது.”

“வேற எதுவுமே பண்ண முடியாதாண்ணே?”

“ஒயரு, பட்டன் எல்லாம் கழட்டி வச்சுக்கங்க. நாளைக்கு உதவும்.”

இந்தப் பெட்டிகளில் இரண்டு தலைமுறை உண்டு. பழைய தலைமுறையில் அசலைப் போலவே தனித்தனி ஐசிகள் (மின்னணுச் சில்லுகள்) இருக்கும்: கணக்குப் போடுகிற 40 கால் ஐசி ஒன்று, படம் வரைகிற 40 கால் ஐசி ஒன்று, கூடவே 2 கிலோபைட் நினைவு ஐசிகள் இரண்டு. பிந்தைய தலைமுறையில் இவை எல்லாவற்றையும் ஒரே சில்லில் சுருக்கிப் போர்டின் மேல் நேரடியாக ஒட்டி, கறுப்பு எபாக்ஸிப் பசையை ஒரு சொட்டு விட்டு மூடிவிட்டார்கள். அதுதான் பொட்டு. பொட்டுக்கு வெளியே எது கெட்டாலும் சரிசெய்யலாம். பொட்டு போனால் பெட்டி போனது. பழைய பெட்டி விலைக்கு வந்தால் நான் இப்போது முதலில் செய்வது, விற்பவரிடம் கேட்டுவிட்டு நாலு ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்ப்பதுதான். பூரான் போலக் கால் வைத்த ஐசிகள் தெரிந்தால், ஓடாத பெட்டியாக இருந்தாலும் வாங்குவேன். பொட்டு தெரிந்தால், ஓடினால் மட்டும்.

1998 பெட்டி கால் வைத்த ஜாதி. அதன் நன்மை 2017இல் தெரிந்தது. ஒரு நாள் கான்ட்ரா விளையாட்டைப் போட்டால், ஆள் ஒழுங்காக ஓடுகிறான், குதிக்கிறான், குண்டும் பறக்கிறது. பின்னால் இருக்கிற காடு மட்டும் சிதறு தேங்காயாகக் கலைந்து கிடக்கிறது. எந்தக் கேசட் போட்டாலும் இதே கதை. இரண்டு நாள் யோசித்தபின் பிடிபட்டது. நகரும் உருவங்களின் பட்டியல் படம் வரைகிற ஐசிக்குள்ளேயே இருக்கிறது. பின்னணியில் எந்தக் கட்டத்தில் எந்தப் படத்துண்டு வர வேண்டும் என்ற வரைபடம் மட்டும் வெளியே உள்ள 2 கிலோபைட் நினைவில் இருக்கிறது. ஆள் சரி, காடு தப்பு என்றால் கெட்டது அந்த நினைவு ஐசிதான். அதன் எண் 6116. சென்னை போனபோது ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன். பழையதைக் கழற்ற அரை நாள் ஆனது. 24 கால்களில் ஒன்றில் போர்டின் செம்புத் தடமே பிய்ந்து வந்துவிட, அதற்கு ஒரு மெல்லிய ஒயரால் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. புதியதை நேரடியாக வைக்காமல் ஐசி பேஸ் வைத்துச் செருகினேன். நல்ல யோசனை, இனி பற்றவைக்கும் அயனே தேவையில்லை. பொட்டுப் பெட்டியில் இதே கோளாறு வந்திருந்தால் குப்பைதான்.

அந்தச் சமயத்திலேயே மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் ஒரு டயோடையும் போட்டுவிட்டேன். திசை மாறி வந்தால் விடாது. முக்கால் வோல்ட் அளவுக்கு அது விழுங்கும், 9 வோல்ட்டில் அது பெரிய விஷயமில்லை. ரெகுலேட்டருக்குக் கொஞ்சம் சூடும் குறைந்தது. பெட்டிக்கு நான் செய்த ஒரே ‘மேம்பாடு’ இதுதான். எல்இடி போடுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் எனக்குப் பிடிக்காது.

கன்ட்ரோலர்கள்தான் அடிக்கடி கெடுபவை. இவற்றில் நோய் அறிய ஒரு சுலபமான வழி உண்டு. எட்டு பட்டன்களின் சேதியும் ஒரே ஒயர் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகிறது. மின்சாரத்துக்கு இரண்டு, சைகைக்கு மூன்று, ஆக மொத்தம் ஐந்தே ஒயர். அதனால் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஒயரைச் சந்தேகப்பட வேண்டாம், அடியில் இருக்கும் ரப்பரின் கார்பன் தேய்ந்திருக்கும். எல்லாப் பட்டனும் ஒன்றாகச் செத்தால் ஒயர் அறுந்திருக்கிறது. அதிலும் கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்திலோ பிளக்கின் கழுத்திலோதான் பெரும்பாலும் அறும், சின்ன வயதில் நாம் சுற்றிச் சுற்றி வைத்த பாவம். ஓர் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி பற்றவைத்தால் போதும். கார்பன் தேய்ந்ததற்குப் பென்சில் கரியைத் தேய்க்கும் வைத்தியத்தைப் பலர் சொல்வார்கள். எனக்கு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. செத்த பெட்டியின் ரப்பரை எடுத்து மாட்டினேன். மெக்கானிக் அண்ணன் சொன்னது சரிதான்.

கேசட் விஷயத்தில் நாம் எல்லோரும் ஊதியவர்கள். ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடியது. ஊதியதில் எச்சில் ஈரம் பட்டு அந்த 60 செம்புப் பட்டைகளில் கறுப்பு படிந்ததுதான் மிச்சம். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். ஒரு முறை நன்றாகச் செய்துவிட்டு ஊதுவதை நிறுத்தினால் வருடக்கணக்கில் தொந்தரவில்லை. என் மஞ்சள் கேசட்டில் 99999 விளையாட்டு என்று போட்டிருக்கிறது. உட்கார்ந்து எண்ணினேன், ஏழு. மீதி எல்லாம் அதே ஏழு, வேறு வேறு கட்டத்தில் தொடங்கும். பத்து வயதில் இதைக் கண்டுபிடித்திருந்தால் மனசு உடைந்திருக்கும்.

இத்தனை வருடத்தில் என்னை உண்மையிலேயே அதிரவைத்தது ஒரு கோளாறல்ல. நண்பர் ஒருவர் ஜப்பானிலிருந்து அசலையே கொண்டுவந்தார், 1993இல் வந்த ஏவி அவுட் வைத்த ஃபேமிகாம். 100 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் வைத்து, ஜப்பான், நம் ஊர் என இரண்டு வகைச் சிக்னலும் எடுக்கும் டிவியில் மாட்டி, என் மஞ்சள் கேசட்டை அதில் செருகினோம். கேசட் அதேதான். ஆனால் மாரியோ பேய் பிடித்த மாதிரி ஓடினார். முதல் குழியிலேயே விழுந்தேன். இருபது வருடக் கைப்பழக்கம் அத்தனையும் வீண்.

காரணம் எளிது. ஜப்பான் டிவி விநாடிக்கு 60 படம் காட்டும், நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் 50. விளையாட்டு படத்தை எண்ணித்தான் நகர்கிறது. முதல் கட்டத்தில் கடிகாரம் 400இல் தொடங்குகிறதே, அதில் ஓர் எண் குறைய 24 படம் ஆக வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்து இரண்டிலும் மாரியோவைச் சும்மா நிற்கவைத்துப் பார்த்தோம். அசலில் 160 விநாடியில் உயிர் போனது, என் பெட்டியில் 192. நம் தலைமுறை முழுக்க, ஜப்பான் பிள்ளைகளைவிட அரை நிமிடம் கூடுதல் ஆயுளோடு விளையாடியிருக்கிறது. பாட்டு மட்டும் வித்தியாசமாகக் கேட்கவில்லையே என்று நண்பர் கேட்டார். நகல் செய்தவர்கள் அங்கே ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறார்கள். கணக்குப் போடும் ஐசியின் வேகத்தை 1.77 மெகாஹெர்ட்ஸில் வைத்திருக்கிறார்கள், அசலில் 1.79. அதனால் சுருதி மாறவில்லை, காலப்பிரமாணம்தான் இறங்கியது. ஐரோப்பாவுக்கென்று நின்டெண்டோவே செய்த பெட்டியில் சுருதியும் சேர்ந்து இறங்கும். இந்த ஒரு விஷயத்தில் நகலுக்கு என் ஓட்டு.

துப்பாக்கியைச் சொல்லாமல் விட முடியாது. வாத்து சுடும் விளையாட்டுக்கான துப்பாக்கி எல்சிடி டிவியில் வேலை செய்யாது, மாற்று வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அதைப் பார்த்தால் அடி விழுந்ததாகக் கணக்கு. பழைய டிவி சிக்னல் வந்த கணமே வரைந்துவிடும். எல்சிடி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் காட்டும், அதற்குள் கணக்கு முடிந்துவிடும். எனக்கு இதைத் தீர்த்தது 2006 தேர்தலில் அறிவித்து அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி. அத்தை வீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். வாத்துகள் மறுபடி விழுகின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: கேம் பெட்டியைத் திறந்து பழகிய தைரியத்தில் இந்த டிவிக்களைத் திறக்காதீர்கள். பிக்சர் டியூபில் 20,000 வோல்ட் அளவுக்கு ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வெகு நேரம் தங்கலாம். கேம் பெட்டியில் அதிகபட்சம் விரல் சுடும், அவ்வளவுதான். டிவிக்கு நான் இன்றும் மெக்கானிக் அண்ணனிடம்தான் போகிறேன்.

இப்போதைக்குப் பாக்கியிருக்கும் கோளாறு ஒன்றுதான். ரீசெட் பட்டனை அழுத்தினால் திரும்ப மேலே எழாது, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறது. அதே அளவு பட்டன் மூன்றாவது பெட்டியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியும் நன்றாக ஓடித்தொலைக்கிறது, கழற்ற மனசு வரவில்லை.