இசட் டிரைவா, முழுப்பாதையா, சொந்தக் கணினியா: ஷேர் ஃபோல்டரில் மெயில் மெர்ஜ் பற்றிய ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்துச் சிறு அலுவலகங்களில், அது கூட்டுறவுச் சங்கமானாலும் தனியார் பள்ளியானாலும், கணினி ஏற்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஐந்தாறு கணினிகள் இருக்கும். அவற்றுள் ஒன்றில் எல்லாருக்கும் பொதுவான ஷேர் ஃபோல்டர் இருக்கும். பிரிண்டர் ஒன்றே இருக்கும். பொதுப்பேரவைக் கூட்ட அறிவிப்பு, தவணை நினைவூட்டல் என்று நூற்றுக்கணக்கான கடிதங்களை ஒரே நாளில் எடுக்க வேண்டி வரும்போது பெயர்ப் பட்டியலிலிருந்து ஒவ்வொருவரின் பெயரையும் முகவரியையும் எடுத்து ஒரே கடிதத்தில் தானாக நிரப்பித் தரும் வேர்டின் மெயில் மெர்ஜ் வசதியைத்தான் நம்புகிறார்கள். மார்த்தாண்டம், தக்கலை வட்டாரத்தில் இத்தகைய அலுவலகங்களின் கணினிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மெர்ஜ் கெட்டுவிட்டது என்று என்னை அழைத்த இடங்களில் பெரும்பாலும் வேர்டில் பழுது இருந்ததில்லை. பெயர்ப் பட்டியல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எந்த வழியாக அது கடிதத்துக்குள் வருகிறது என்ற இரண்டில்தான் பழுது இருந்தது. ஆகவே அந்த இரண்டிலும் நமக்கு இருக்கும் மாற்று வழிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் இடம். பட்டியலோடு இணைத்துக் கடிதத்தைச் சேமிக்கும்போது, பட்டியல் இருக்கும் பாதையை வேர்டு அந்தக் கடிதத்துக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது. ஷேர் ஃபோல்டருக்கு இசட் என்று டிரைவ் எழுத்துக் கொடுத்து அதன் வழியாகப் பட்டியலைத் தேர்ந்தெடுத்தால், எழுதப்படுவதும் இசட்டில் தொடங்கும் பாதைதான். பயன்படுத்த இது மிக எளிது, எல்லாருக்கும் புரியும். ஆனால் கணக்கர் கணினியில் இசட்டாக இருப்பது எழுத்தர் கணினியில் ஒய்யாக இருந்தால், ஒருவர் தயாரித்த கடிதம் மற்றவரிடம் பட்டியலைக் காணாமல் நிற்கும். இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. கரண்டு போய்த் திரும்பும்போது ஷேர் ஃபோல்டர் உள்ள கணினி எழுவதற்கு முன்பே மற்றவை எழுந்துவிட்டால், டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்துவிடுகிறது. “அண்ணே, இங்க இசட்டக் காணல்ல” என்று மழைக்காலத்தில் எனக்கு வரும் அழைப்பின் பொருள் அதுதான். ஃபைல் எக்ஸ்புளோரரில் அந்த டிரைவை ஒருமுறை திறந்துவிட்டுப் பிறகு கடிதத்தைத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது வழி, இரண்டு பின்சாய்கோடுகளோடு தொடங்கி, கணினியின் பெயரையும் ஃபோல்டரின் பெயரையும் சொல்லும் முழுப்பாதை. டிரைவ் எழுத்து எதுவாக இருந்தாலும் இது எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல் வேலை செய்கிறது. இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கணினியின் பெயருக்குப் பதிலாக நெட்வொர்க்கில் அதற்குரிய ஐ.பி. எண்ணைக் கொடுத்துவிட்டால், அதிலுள்ள புள்ளிகளைக் கண்டு விண்டோஸ் அதை இணையத்திலிருந்து வந்த இடமாக எண்ணக்கூடும், கடிதம் படிக்க மட்டும் விடும் ‘புரொடெக்டட் வியூ’வில் திறக்கும், அந்த நிலையில் மெர்ஜ் நடக்காது. மேலும், ஷேர் ஃபோல்டர் உள்ள பழைய கணினி பழுதாகிப் புதியது வாங்கினால், பழைய கணினியின் பெயரையே புதியதற்கும் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதால் ஒரே நாளில் ஏழெட்டுக் கடிதங்களை மறுபடி இணைக்க வேண்டி வந்த அலுவலகம் ஒன்றை எனக்குத் தெரியும்.

மூன்றாவது வழி, அவரவர் கணினியில் பட்டியலின் நகல் ஒன்றை வைத்துக்கொள்வது. வேகத்தில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. நெட்வொர்க் அறுந்தாலும் வேலை நிற்காது. இருந்தாலும் இந்த வழியைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். ஒரு சங்கத்தில் உறுப்பினர் ஒருவர் இறந்து எட்டு மாதம் கழித்து, அவர் பெயருக்கே கூட்ட அறிவிப்புப் போயிற்று. பொதுப்பட்டியலில் வாரிசாக மனைவியின் பெயரை முறையாகத் திருத்தியிருந்தார்கள். ஆனால் கடிதம் எடுத்தது எழுத்தரின் கணினியில் இருந்த பழைய நகலிலிருந்து. அந்த அம்மா கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டே அலுவலகத்துக்கு வந்திருந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். நெட்வொர்க் அறுந்து ஒரு மணி நேரம் வேலை நிற்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. எனவே இடத்தைப் பொறுத்தவரை என் தேர்வு முழுப்பாதை. அது முடியாத இடத்தில், எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்தில் அமைத்த டிரைவ்.

அடுத்தது, எக்செல் பட்டியல் வேர்டுக்குள் வரும் வழி. வேர்டு 2002 முதல் ஓ.எல்.இ. டி.பி. என்ற வழிதான் இயல்பாக அமைந்திருக்கிறது. அதற்கு முன்பு இருந்தது, எக்செல்லைத் திறந்து அதனிடமிருந்தே தகவலை வாங்கும் டி.டி.இ. புதிய வழி எக்செல்லைத் திறக்காமலே கோப்பை நேராகப் படிக்கிறது. ஆகவே வேகம் அதிகம். ஆனால் அது எடுப்பது கலத்துக்குள் கிடக்கும் மதிப்பையே தவிர, திரையில் நாம் பார்க்கும் தோற்றத்தை அன்று. நாகர்கோவிலின் 04652 என்ற தொலைபேசிக் குறியீட்டை எண்ணாக வைத்து, முன்சுழி தெரியும்படி வடிவமைத்திருந்தாலும், கடிதத்தில் 4652 என்றுதான் வரும். தேதியில் மாதம் முன்னும் நாள் பின்னுமாக மாறும். 2450.10 என்ற தொகை சில நேரம் நீண்ட தசம வாலோடு வந்து நிற்கும். டி.டி.இ. வழியில் இந்தத் தொல்லைகள் இல்லை. திரையில் உள்ளது உள்ளபடி வரும். அதனால் பழைய ஆட்கள் இன்றும் அதையே பரிந்துரைக்கிறார்கள். அவர்களோடு நான் மாறுபடும் இடம் ஒன்று உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடை டி.டி.இ. கடத்துவதில்லை, தமிழில் தட்டச்சு செய்த பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பட்டியல் வைத்திருந்த காலத்தில் இது தெரியாமல் போயிற்று. யூனிகோடுக்கு மாறிய அலுவலகத்துக்கு டி.டி.இ. உதவாது.

ஓ.எல்.இ. டி.பி.யின் குறைகளுக்கோ மருந்து இருக்கிறது. கடிதத்தில் ஆல்ட் விசையோடு எஃப்9 அழுத்தினால், பட்டியலின் தகவல் வந்து விழும் இடங்களான புலங்களின் குறியீடு தெரியும். தேதிப் புலத்தின் இறுதியில் பின்சாய்கோடு, அட் குறி இட்டு, மேற்கோள் குறிக்குள் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைக் கொடுத்துவிடலாம். மாதத்துக்குப் பெரிய எம் எழுத்துத்தான் இட வேண்டும். சிறிய எம் நிமிடத்தைக் குறிக்கும். தொகைக்கு இதைவிட நல்ல வழி, எக்செல்லிலேயே பக்கத்து நெடுவரிசையில், எண்ணை வேண்டிய வடிவில் எழுத்தாக்கும் டெக்ஸ்ட் சூத்திரம் போட்டு, அந்த நெடுவரிசையைக் கடிதத்தில் செருகுவது.

நம் ஊர் முகவரிகளுக்கே உரிய சிக்கல் ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வார்டு எண்ணையும் வீட்டு எண்ணையும் சேர்த்து 5-12 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும்; அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். அதைவிடக் கண்ணுக்குத் தப்புவது இன்னொன்று. எக்செல் கோப்பைப் படிக்கும் டிரைவர் என்ற இடைமென்பொருள், ஒரு நெடுவரிசையில் இருப்பது எண்ணா எழுத்தா என்பதை இயல்பு அமைப்பில் முதல் 8 வரிசைகளைப் பார்த்தே முடிவு செய்கிறது. முதல் எட்டுப் பேரின் வீட்டு எண்களும் 112, 87 என்று வெறும் எண்ணாக இருந்து, பின்னால் ஒருவருக்கு 112ஏ என்று வந்தால், அவருடைய கடிதத்தில் அந்த இடம் வெறுமையாகவோ சுழியாகவோ போய்விடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. எழுத்துக் கலந்த எண் உள்ள ஒருவரின் வரிசையை முதல் எட்டுக்குள் ஏற்றி வைத்துவிட்டால், முழு நெடுவரிசையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

எக்செல்லுக்குப் பதிலாக அக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வைத்தால் இந்த ஊகமே இல்லை, ஏனெனில் புலத்தின் வகையை நாமே தீர்மானிக்கிறோம். பலர் ஒரே நேரத்தில் திருத்தலாம் என்பது அதன் பெரிய பலம். எக்செல் கோப்பை ஒருவர் திறந்து வைத்திருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அவர் திருத்திவிட்டுச் சேமிக்காமல் தேநீர் குடிக்கப் போனால், மெர்ஜில் வருவது பழைய தகவல்தான். ஆனால் அக்செஸுக்கு அந்த ஃபோல்டரில் எல்லாருக்கும் எழுதவும் அழிக்கவும் உரிமை வேண்டும், இல்லையேல், யார் யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்து வைக்கும் அதன் பூட்டுக் கோப்பு உருவாகாது. வைஃபை வழியாக அதைத் திருத்துவது ஆபத்து. இணைப்பு நடுவில் அறுந்தால் கோப்பே கெடலாம். கேபிள் இழுத்துள்ள அலுவலகமாகவும், இரண்டுக்கு மேற்பட்டவர்கள் முகவரி திருத்துகிறவர்களாகவும் இருந்தால் அக்செஸ். மற்றபடி எக்செல் போதும். தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சி.எஸ்.வி. கோப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, யூனிகோடு வகையான யூ.டி.எஃப்-8 என்று குறித்த வகையில் சேமிக்காவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும்.

கடிதத்தைத் திறக்கும்போது, பட்டியலிலிருந்து தகவலை எடுக்கும் எஸ்.க்யூ.எல். கட்டளை இயங்கப்போகிறது, தொடரலாமா என்று வேர்டு கேட்பதற்கும் இரண்டு அணுகுமுறைகள் உண்டு. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சுழியாக்கி அந்தக் கேள்வியே வராமல் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆம் என்று சொல்லப் பழக்குபவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்தோ வந்த கோப்புக்கும் அதே கேள்வி காவலாக இருப்பதால், நான் பழக்குகிற கட்சி. ஆனால் பழக்குவதை அரைகுறையாகச் செய்யக் கூடாது: பயந்து இல்லை என்று அழுத்தினால் பட்டியல் இல்லாமலே கடிதம் திறக்கும், அப்படியே சேமித்தால் இணைப்பும் போய்விடும் என்பதைப் பணியாளரின் அருகில் அமர்ந்து காட்டிவிட வேண்டும்.

கடிதத்தோடு சேர்ந்து சேமிக்கப்படும் வடிகட்டலையும் மறக்கக் கூடாது. சென்ற முறை கல்குளம் வட்டத்துக்கு மட்டும் அனுப்பிய கடிதத்தையே இம்முறை திறந்தால், விளவங்கோட்டுக்காரர்கள் ஒருவருக்கும் கடிதம் வராது. இதற்காகவே மூலக் கடிதத்தை, ஒவ்வொரு முறையும் புதிய நகலாகத் திறக்கும் டெம்ப்ளேட்டாகச் சேமித்து, அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும் உரிமையோடு வைக்கிறேன். பட்டியலோ தனி ஃபோல்டரில், திருத்தும் உரிமையோடு இருக்கும். நேராகப் பிரிண்டருக்கு அனுப்பாமல் முதலில் புதிய ஆவணமாக எடுக்கச் சொல்கிறேன். அதில் ஒவ்வொரு கடிதமும் தனி செக்‌ஷனாக இருப்பதால், ஒன்பதாவது கடிதத்தின் முதல் பக்கம் மட்டும் வேண்டுமென்றால் பக்க எண் கேட்கும் இடத்தில் பி1எஸ்9 என்று ஆங்கில எழுத்தில் இட வேண்டும். முதல் கடிதத்தையும் கடைசிக் கடிதத்தையும் பார்ப்பதோடு, டிரைவர் பார்க்கும் எட்டு வரிசைகளுக்கு அடுத்துள்ள அந்த ஒன்பதாவதையும் தாளில் எடுத்து, வீட்டு எண் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதியை அச்சுக்கு விடுகிறோம்.